ஒன்பதாம் மலையில் ஐந்தாவது முத்திரை

கயிறு மூன்றாவது சுற்று வந்ததும் வலது கை நின்றது. இடது கையின் கட்டைவிரல், மூங்கில் இரண்டும் குறுக்கே சந்தித்த இடத்தை அழுத்திப் பார்த்தது. இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சுற்றின் முதுகில் இன்னொரு சுற்று ஏறி உட்கார்ந்திருந்தது. விரல்கள் முடிச்சை அவிழ்த்தன. கயிற்றை முழுக்க உருவி, முறுக்கு விழுந்த இடத்தை நீவிவிட்டு, மறுபடியும் முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தன.

"மாமா, நாளைக்கு ஒரு மணி நேரம் தண்ணியில கெடந்தா போதும் லா இது. கல்யாணப் பந்தலா கட்டுறீங்க?"

"பந்தல் சரிஞ்சா தலையில விழும். இது சரிஞ்சா ஏரிக்குள்ள போவோம். நீச்சல் தெரிஞ்ச ஆளு நீயா, நானா?"

"ரெண்டு பேரும் இல்ல."

"அப்ப பேசாம கயித்தைப் பிடி."

மூங்கில்களுக்கு அடியில் நான்கு லோரி டியூப்கள் காற்றடைத்துக் கிடந்தன. ஒவ்வொரு டியூபையும் மூன்று இடத்தில் கட்ட வேண்டும். காலையிலிருந்து இதுவரை எட்டு கட்டு முடிந்திருந்தது. மதியம் மூன்று மணிக்குக் காய்கறி லோரி வந்து மிதவையை ஏரிக்கரைக்குக் கொண்டுபோகும். மணி இரண்டாகிவிட்டது. கைகள் அவசரப்படவில்லை. பன்னிரண்டாவது கட்டின் நுனியைச் செருகி, மீந்த கயிற்றை அறுத்து, அறுத்த முனை பிரியாமல் நூலால் சுற்றிய பிறகுதான் அந்த ஆள் முதுகை நிமிர்த்தினார்.

அவர் ஆண்டியப்பன். மலாய் நாட்டு மலையில், முப்பத்திரண்டாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து ஆள். பக்கத்தில் கயிறு பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசியவன் வேலப்பன், அவர் மனைவி நவமணியின் தம்பி. கோலா தெர்லாவிலிருந்து கீழே காய்கறி ஏற்றும் லோரியில் டிரைவருக்குத் துணையாளாகப் போகிறவன். வயது இருபத்தெட்டு. மூட்டை தூக்கிப் பழகிய தோள். மிதவையைக் கொண்டுபோக லோரி வருவதும் அவன் தயவில்தான்.

இது 1984ஆம் வருஷத்து ஆகஸ்டு மாதம், ஒரு சனிக்கிழமை. மறுநாள் போட்டி.

டவுனில் இருந்த விளையாட்டுச் சங்கம் ஒன்றும் தோட்டத்துக் கிளப்பும் சேர்ந்து 1980இல் ஆரம்பித்த போட்டி அது. அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. தோட்டத்துக் குடியிருப்பான லைனில் எல்லாரும் "நாலு வேலைப் போட்டி" என்றார்கள். கியா பார்மில் புறப்பட்டு பிரிஞ்சாங் மலை உச்சிக்கு ஓடி ஏறி, பிரிஞ்சாங் டவுனில் இறங்குவது முதல் வேலை. அங்கிருந்து சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போவது இரண்டாவது. சொந்தமாகக் கட்டிய மிதவையில் ஏரியைக் கடப்பது மூன்றாவது. அங்கிருந்து தேயிலை மலைகளின் வழியாக நடந்து ஏறி முப்பத்திரண்டாங்கட்டைத் தேயிலை ஆலையின் முற்றத்தில் வந்து நிற்பது நான்காவது. இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். வழியில் ஐந்து இடத்தில் கொடி நட்டு ஆள் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அவர் முன்னால் சேர்ந்து நின்றால்தான் அட்டையில் முத்திரை குத்துவார். எந்தப் பாதையில் வேண்டுமானாலும் வரலாம். ஐந்து முத்திரையும் விழுந்த அட்டையைப் பிற்பகல் மூன்று மணிக்குள் ஆலை முற்றத்து மேசையில் கொடுத்தாக வேண்டும்.

அப்படிக் கொடுத்தவர்கள் பெயரை ஆலையின் முன்கூடத்தில் ஒரு பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைப்பார்கள். முதலாவது வந்தவர் என்றோ கடைசி வந்தவர் என்றோ பேதம் கிடையாது. முடித்தவர் எல்லாருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும்.

ஆண்டியப்பனைப் பிடித்தது அந்தப் பலகைதான். முதல் வருஷத்துப் பலகையை அவர் மகளைக் கூட்டிக்கொண்டுபோய் வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார்கள், போலீஸ்காரர்கள், பிரிஞ்சாங் மளிகைக்கடைக்காரரின் மகன், ஆலையில் எஞ்சின் பார்க்கிற இரண்டு பேர். இருபத்திரண்டு பெயர். மலையில் வேலை செய்கிற ஆள் ஒருவர்கூட இல்லை.

"நம்ம ஆளுங்க யாரும் ஓடலையாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"யாரும் கேக்கலையே" என்றார் ஆண்டியப்பன்.

பதின்மூன்று வயதில் புல் வெட்டப் போனவர் அவர். பதினெட்டில் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். தேயிலையை விட்டால் மரமாகிவிடும். அதனால் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. எப்படி வெட்டுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. முன்னே போகிறவரைப் பார்த்துப் பின்னே போகிறவர் வெட்ட வேண்டியதுதான். ஆண்டியப்பன் தான் வெட்டிய தூர்களை ஆறு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய்ப் பார்த்தார். எந்த வெட்டில் தளிர் வரிசையாக வந்திருக்கிறது, எதில் தண்ணீர் நின்று கட்டை கறுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒரே இழுப்பில், சரிவாக, பட்டை கிழியாமல் விழுந்த வெட்டு மட்டுமே ஆறியிருந்தது. இரண்டு வருஷம் இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் கை அந்த வெட்டைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வேறு மாதிரி வெட்ட அதற்கு வரவில்லை.

தோட்டத்துப் பேரேட்டில் அவர் நூற்றுப்பதினெட்டாம் நம்பர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடுவதும் அந்த நம்பரைத்தான். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்டியப்பன் என்ற பெயர் எங்கேயாவது எழுதிக் கிடந்தால் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நவமணியிடம் இதைச் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுவத்துல கரியால எழுதித் தரவா?" என்றாள்.

1981இல் வேலப்பனைச் சேர்த்துக்கொண்டு பெயர் கொடுத்தார். ஓடி ஏறுவதில் குறை இல்லை. சைக்கிள்தான் அவருக்கு விடத் தெரியாது. விட்டே ஆக வேண்டும் என்று விதியில் இல்லை என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். அதனால் பிரிஞ்சாங்கிலிருந்து ஏரிவரைக்கும் சைக்கிளை மாட்டைப் பிடித்துப் போவதுபோல் தள்ளிக்கொண்டே நடந்தார். ரோட்டோரத் தோட்டங்களில் சீனர்கள் முள்ளங்கி கழுவுவதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்களின் மிதவைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷத்துக்குள், முப்பத்தொன்பது வயதில், பள்ளிக்கூடத் திடலில் சைக்கிள் பழகினார். அந்த வருஷம் மிதவை காலை வாரியது. வேலப்பன் எங்கிருந்தோ வாங்கி வந்த தகர டிரம்கள் ஏரி நடுவில் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன. போட்டிக்காரர்கள் கொடுத்த மிதவைச் சட்டைதான் இருவரையும் காப்பாற்றியது. அன்றிலிருந்து கயிறு கட்டுவது ஆண்டியப்பன் பொறுப்பு.

1983இல் நடந்ததை லைனில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான்கு முத்திரையோடு ஏரியைக் கடந்துவிட்டார்கள். நேரமும் தாராளமாக இருந்தது. பதினோராம் மலைக்குள் நுழைந்தபோது வேலப்பன் முன்னால், ஆண்டியப்பன் பின்னால். அந்த மலையை வெளியிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆட்கள் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். ஒரு தூரில் கிளை பாதி வெட்டுப்பட்டு, பாதி பட்டையோடு கிழிந்து தொங்கியது. ஆண்டியப்பன் நின்றார். இடுப்பில் கத்தி இருந்தது, எப்போதும் இருப்பதுதான். ஒரே ஒரு தூர் என்று நினைத்துக்கொண்டு வெட்டிச் சரிசெய்தார். நிமிர்ந்தால் அடுத்தது தெரிந்தது.

ஏழு தூர் ஆயிற்று. முற்றத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று பன்னிரண்டு. மேசையை மடக்கிக்கொண்டிருந்த தோட்டத்து எழுத்தர் சிங்காரம் கிராணி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆண்டியப்பா, ஓடுன்னு சொன்னா வேலை பாத்துட்டு வந்து நிக்குற. ஞாயித்துக்கெழமைக்குச் சம்பளக் கணக்குல உனக்குப் பேர் போட முடியாதுப்பா!"

வேலப்பன் மூன்று நாள் மாமாவோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசாமல் இருக்க அவனால் முடியவில்லை.

இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கிடையாது. நாற்பத்தைந்து வயதுவரைதான் ஓடலாம் என்பது விதி. ஜப்பான்காரன் வந்த 1942ஆம் வருஷம் பிறந்தவர் ஆண்டியப்பன், அதனால் கணக்குப்படி நாற்பத்திரண்டுதான். ஆனால் சின்ன வயதில் அடையாள அட்டை எழுதிய கிராணி அவருடைய உயரத்தைப் பார்த்து மூன்று வருஷத்தைக் கூட்டிப் போட்டுவிட்டார். அன்றைக்கு அது நல்லதாகத்தான் இருந்தது, பெரியாள் வேலை சீக்கிரம் கிடைத்தது. இப்போது அந்த மூன்று வருஷம் குறுக்கே வந்து நின்றது. அட்டைப்படி அவருக்கு நாற்பத்தைந்து.

ஞாயிறு விடிந்து அவர் கிளம்பும்போது நவமணி வாசலில் நின்று கையை நீட்டினாள்.

"கொடுங்க."

"என்னாத்தை?"

"இடுப்புல இருக்குறதை."

"கயிறு கியிறு அறுந்தா வேணும் புள்ள."

"கயிறு அறுந்தா பல்லால கடிங்க. கத்தி இந்த வாசப்படியைத் தாண்டாது."

கத்தியைக் கொடுத்துவிட்டார். வேலப்பன் அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

எட்டு மணிக்குக் கியா பார்மிலிருந்து இருபத்தாறு ஜோடிகள் புறப்பட்டன. வாத்தியார்களும் போலீஸ்காரர்களும் முதல் திருப்பத்திலேயே கண்ணைவிட்டு மறைந்தார்கள். ஆண்டியப்பன் தன் நடையில் ஏறினார். காலையில் பெரட்டு முடிந்து மலை ஏறும்போது எப்படி ஏறுவாரோ, அப்படி. பாதி தூரத்தில் ரோட்டோரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர்களைத் தாண்டினார். உச்சியில் பனி மூட்டம் கொடியைக்கூட மறைத்திருந்தது. பத்தேகாலுக்கு முதல் முத்திரை விழுந்தது.

டவுனில் இரண்டாவது. அங்கே வேலப்பனுடைய லோரி நண்பர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "வேலு, மாமாவை ஓட்டச் சொல்லு, தள்ளச் சொல்லாத!" என்று ஒருவன் கத்தினான். ஆண்டியப்பன் ஏறி உட்கார்ந்தார். இறக்கம் முழுக்க இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே போனார். விரல் மரத்துப்போயிற்று. ஒரு திருப்பத்தில் வேலப்பன் அவரை முந்தப்போய், மணலில் சறுக்கிக் கீழே விழுந்து, வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"உடைஞ்சிருச்சா?"

"உடையல லா. கொஞ்சம் சுளுக்கு. போங்க, போங்க."

ஏரிக்கரையில் மூன்றாவது முத்திரை. மிதவை நேற்று விட்ட இடத்திலேயே, கட்டிய மாதிரியே கிடந்தது. தண்ணீரில் தள்ளி, ஆளுக்கொரு பலகையால் துடுப்புப் போட்டார்கள். இருவருக்கும் துடுப்புப் போடத் தெரியாது. வேலப்பன் பலமாக இழுத்தால் மிதவை ஒரு வட்டம் அடித்தது. ஆண்டியப்பன் எண்ணிக்கை சொல்லத் தொடங்கினார். "ஒண்ணு... ரெண்டு..." என்று அவர் சொல்லச் சொல்ல இருவரும் சேர்ந்து போட்டார்கள். பக்கத்தில் ஒரு மிதவை இரண்டாகப் பிரிந்து, அதிலிருந்த வாத்தியார்கள் படகுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா" என்றான் வேலப்பன், "பந்தல் கட்டினதே நல்லது."

ஒன்றரை மணிக்கு நான்காவது முத்திரை. மூன்று மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சாதாரணமாக அந்த ஏற்றத்தை ஆண்டியப்பன் முப்பது நிமிஷத்தில் ஏறிவிடுவார். ஆனால் வேலப்பனின் கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவன் நொண்டிக்கொண்டே முன்னால் போனான்.

பதினோராம் மலை வந்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் வெட்டிய இடம் இப்போது தளிர்த்திருந்தது. ஆனால் ஆண்டியப்பனின் கண் தளிருக்கு அடியில்தான் போயிற்று.

"பாக்காதீங்க, மாமா!" வேலப்பன் திரும்பாமலே கத்தினான். "என் முதுகைப் பாருங்க! முதுகை மட்டும் பாருங்க!"

"முதுகைத்தான் பாக்குறேன்."

"என்னா தெரியுது?"

"சட்டை கிழிஞ்சிருக்கு."

"அதையும் வெட்டிச் சரிபண்ணிருவீங்களே!"

அதற்கு மேலே ஒன்பதாம் மலை. இது ஆண்டியப்பனின் ஆட்கள் மூன்று வாரத்துக்கு முன்னால் கவ்வாத்து வெட்டியது. மலை முழுக்கப் பச்சை இல்லாமல், குட்டை குட்டையாகத் தூர்கள் மட்டும் நின்றன. போட்டிக்காரர்கள் அதன் குறுக்கே, கீழிருந்து மேலாக, சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். முன்னால் போனவர்கள் அந்த நாடாவைப் பார்த்து ஏறியிருந்தார்கள். வெட்டிப் போட்ட மிலாறு எனும் சுள்ளிக் குவியலில் கால் புதைந்து, விழாமல் இருக்கத் தூர்களைப் பிடித்து, சிலவற்றை முறித்தும்விட்டிருந்தார்கள்.

ஆண்டியப்பன் அந்த நாடாப் பக்கமே போகவில்லை. புதிதாக வெட்டிய மலையைக் குறுக்கே மிதித்துப் போகக்கூடாது. யாரும் சொல்லி வந்த பழக்கம் இல்லை, காலே போகாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த மலைக்கு அவர் ஓரத்துக் கான் வழியாக, தண்ணீர் போகும் வாய்க்காலின் கரையைப் பிடித்துத்தான் ஏறியிருக்கிறார். இன்றும் கால் அப்படியே திரும்பியது.

"இது சுத்து இல்லையா?" என்றான் வேலப்பன்.

"சுத்துதான். ஆனா மிலாறு இல்ல. உன் காலுக்கு நல்லது."

அது சரியாகவே இருந்தது. மேலே மேட்டு முகட்டுக்கு வந்தபோது மணி இரண்டு இருபது. கீழே ஆலையின் தகரக் கூரை தெரிந்தது. முற்றத்தில் மேசையும் குடையும் சுற்றிலும் ஆட்களும். நவமணியின் மஞ்சள் சேலையைக்கூட அடையாளம் காண முடிந்தது. இறங்கினால் ஏழெட்டு நிமிஷம். வேலப்பன் அங்கேயே உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கி ஊளையிட்டான். கீழேயிருந்து யாரோ பதிலுக்கு ஊளையிட்டார்கள்.

ஆண்டியப்பன் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி மலையைப் பார்த்தார். ஒன்பதாம் மலையின் அந்தக் கோடியில், சிவப்பு நாடா போகிற வழியில், ஒற்றை மரத்தடியில் ஒரு கொடி பறந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே குடை பிடித்தபடி ஓர் ஆள்.

"மாப்ள."

"என்னா மாமா?"

"அஞ்சாவது அங்க இருக்கு."

வேலப்பன் எழுந்து பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"நம்ம சுத்தி வந்தோம்ல" என்றார் ஆண்டியப்பன். "நான்தான் கூட்டியாந்தேன்."

வேலப்பன் கீழே முற்றத்து மேசையைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மாமா, மேசையில உக்காந்திருக்குறது சிங்காரம் கிராணி. நம்ம ஆளு. முழு மலையும் ஏறிட்டோம், அவரு கண்ணுக்கே தெரியுது. நாலோ அஞ்சோ, ஒரு குத்து குத்திருவாரு லா."

"குத்துவாரு."

"அப்புறம்?"

"பலகையில பேரும் எழுதுவாரு. நாளைக்கு நான் ஆலைப் பக்கம் போவேன். பேரைப் பாத்தா எனக்கு இந்தக் கொடிதானே ஞாபகம் வரும்? எதுக்கு அந்தப் பேரு?"

"அங்க போயிட்டு வர முடியாது மாமா! அவனவன் அந்த மிலாறுல அரை மணி நேரம் மாட்டிக்கிட்டுக் கெடந்தான், நீங்களே பாத்தீங்க. என் காலைப் பாருங்க, பப்பாளிப் பழமாட்டம் இருக்கு. ரொம்ப சூசா, கஷ்டம் லா!"

ஆண்டியப்பன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடி அவர்கள் நின்ற இடத்துக்குச் சற்றே கீழே, ஏறக்குறைய அதே மட்டத்தில் இருந்தது. தேயிலை நிரைகள் மலையைச் சுற்றிக் குறுக்காகத்தான் ஓடுகின்றன. கீழிருந்து மேலே ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு நிரையும் ஒரு வேலி. குறுக்கே போகிறவனுக்கு அது பாதை. அதுவும் எல்லா நிரையும் இல்லை. அவருடைய ஆட்கள் வெட்டும்போது மிலாற்றை இஷ்டத்துக்கு எறிவதில்லை. இரண்டு பக்கத்துத் தூரிலிருந்தும் ஒரே நிரைக்குள் தள்ளுவார்கள், அடுத்த நிரையைச் சுத்தமாக விடுவார்கள், பின்னால் உரம் போடுகிறவர்கள் நடப்பதற்காக. மேலிருந்து எண்ணினால் ஒற்றைப்படை நிரையில் மிலாறு, இரட்டைப்படையில் வெறும் தரை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே சுள்ளிக்காடாகத் தெரியும்.

"எந்திரி" என்றார். "மேலேருந்து ஆறாவது நிரை. கொடி வரைக்கும் ஒரு சுள்ளி கெடக்காது."

"கெடந்தா?"

"கெடந்தா வெட்டினவன் நான், என்னைத் திட்டு."

வேலப்பனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கான் கரையிலிருந்து நிரைகளை எண்ணி ஆறாவதற்குள் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் சுள்ளி முழங்கால் உயரம் குவிந்து கிடக்க, நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் தெரிந்தது. இருவர் சேர்ந்து போக இடம் இல்லை. ஆண்டியப்பன் முன்னால் நடக்க, வேலப்பன் அவர் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தாவித் தாவி வந்தான். பாதியில் ஒரே ஓர் இடத்தில் ஒரு கிளை குறுக்கே கிடந்தது.

"மாமா! சுள்ளி!"

"அது காத்துல விழுந்தது" என்றார் ஆண்டியப்பன்.

குடை பிடித்திருந்த ஆள், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்து மலாய் வாத்தியார் அவர். மேலிருந்து கீழாக இருவரையும் பார்த்துவிட்டு, வழி தவறிவிட்டதா என்று மலாயில் கேட்டார். வேலப்பன் மூச்சுவாங்க ஏதோ சொல்ல ஆரம்பித்தான். ஆண்டியப்பன் அட்டையை நீட்டினார். இரண்டு முப்பத்தெட்டுக்கு ஐந்தாவது முத்திரை விழுந்தது. மை காயும்வரை அட்டையை ஊதிவிட்டுப் பைக்குள் வைத்தார்.

திரும்பும்போது அதே நிரை. முகட்டில் ஏறியதும் வேலப்பன் கீழே பார்த்தான். முற்றத்தில் சிலர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நீங்க ஓடுங்க. நான் பின்னாலயே வர்றேன்."

"ரெண்டு பேரும் நிக்கணும்."

"அப்ப என்னைத் தூக்குங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆண்டியப்பன் குனிந்துவிட்டார். லோரியில் ஒரே ஆளாக முட்டைக்கோஸ் கூடை தூக்குகிற எழுபத்தைந்து கிலோ மச்சானை முதுகில் ஏற்றிக்கொண்டு, சறுக்கல் பாதையில், ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி ஊன்றி இறங்கினார். நான்கு தடவை இறக்கிவைத்தார், நான்கு தடவை ஏற்றிக்கொண்டார். வேலப்பன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "தினமும் லோரியில நான் மூட்டையைத் தூக்குறேன் மாமா. மூட்டைக்கு எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

முற்றத்து வாசலில் அவனை இறக்கிவிட்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பாத்திரத்தைக் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. "என்னாங்க, மணியைப் பாருங்க! மணியைப் பாருங்க!" என்று நவமணி கூட்டத்துக்கு மேலே கத்தினாள்.

மேசையில் சிங்காரம் கிராணி கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்திருந்தார்; அதில் மணி இரண்டு ஐம்பத்தெட்டு. அவருக்குப் பின்னால் மூன்று மணிக்கு ஆலைச் சங்கை ஊதுவதற்கு ஆள் தயாராக நின்றான். கிராணி கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு ஆண்டியப்பனையும், பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்ற வேலப்பனையும் பார்த்தார்.

"என்னாப்பா, முகட்டுல ரெண்டு இருவதுக்கே பாத்தோமே ரெண்டு பேரையும்? மறுபடியும் எங்க போனே? இந்தத் தடவை எத்தனை தூர்?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றார் ஆண்டியப்பன். "ஒண்ணு விட்டுப்போச்சு. போய் எடுத்துட்டு வந்தேன்."

பையைத் திறந்தார். கையைச் சட்டையில் முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டார். பிறகு ஐந்து முத்திரையும் தெரியும்படி அட்டையைத் திருப்பி, மடங்கியிருந்த ஒரு மூலையை நிமிர்த்திவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிராணியிடம் கொடுத்தார்.